மலைமேல் ஒரு புனர்வாழ்வு இல்லம்: அண்ணன் தங்கியிருந்த 6 வாரங்கள்

காலையில் முதல் மிடறு எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி, தன்னிடம் யாரும் கேட்காமலேயே, "பெரட்டுக்கு முந்தியே" (காலையில் வேலைக்கு ஆள் எண்ணுவதற்கு முன்பே) என்று சொல்லிவிட்டார். இலங்கை மலையகத்தின் அட்டன் நகரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போய், தேயிலை மலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஏறினால் வருகிற அந்தப் புனர்வாழ்வு இல்லத்தில் எங்களிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. மது அடிமைநிலைக்குச் சிகிச்சை பெறுவதற்காக அண்ணன் அங்கே 6 வாரங்கள் தங்கியிருந்தார். எங்கள் தோட்டத்திலிருந்தும் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் "அந்த இடம் எப்படி?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லி முடியாததால் இதை எழுதுகிறேன். இல்லத்தின் பெயரை எழுதவில்லை. குறைகளையும் சொல்லவிருக்கிறேன், சொற்பச் சம்பளத்துக்கு இரவு பகலாக உழைக்கும் நான்கைந்து பேரை அது சங்கடப்படுத்திவிடும்.

நேர்முகம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடந்தது. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 10 கேள்விகள் கொண்ட வினாக்கொத்து ஒன்றை உளவள ஆலோசகர் தமிழில் வாசித்தார். மொத்தப் புள்ளிகள் 40. 20ஐ எட்டினாலோ தாண்டினாலோ அடிமைநிலை இருக்கக்கூடும் என்று கருதி மேலும் ஆராய்வார்கள். அண்ணனுக்கு 31 வந்தது. "கால் போத்தல்தான் சேர், எப்பவாச்சும் அரை" என்று அண்ணன் சொன்னதை ஆலோசகர் மறுக்கவில்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். 180 மில்லிலீற்றர் கொண்ட கால் போத்தல் சாராயத்தில் நூற்றுக்கு 33.5 பங்கு மதுசாரம் என்றால், சுத்த மதுசாரம் மட்டும் ஏறக்குறைய 48 கிராம். 10 கிராமை ஓர் அலகாக வைத்தால் அதுவே கிட்டத்தட்ட 5 அலகு. அரைப் போத்தல் என்றால் 10 அலகு. "சரி, கசிப்பு குடிக்கிற நாளுக்கு என்ன கணக்கு?" என்று கேட்டுவிட்டுப் பேனையைக் கீழே வைத்துவிட்டார். சீனியையும் ஈஸ்ட்டையும் புளிக்கவைத்து எடுத்த கோடாவை யாரோ ஓர் ஓடைக்கரையில் வடித்து வைத்த அந்தக் கள்ளச்சாராயத்தின் வலிமையை வடித்தவனாலும் சொல்ல முடியாது. அண்ணன் தன் குடியைத் தானே ஓர் அளவாகப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பதினைந்து வருடங்களாக வீட்டில் நாங்கள் அழுததாலும் திட்டியதாலும் நடக்காதது அது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு அன்று கடுங்கோபத்தை உண்டாக்கியது. பையும் போர்வையுமாக வந்து நின்ற எங்களைச் சேர்த்துக்கொள்ள அவர்கள் மறுத்துவிட்டார்கள். தினமும் காலையிலேயே குடிக்கிற ஒருவர், முதலில் அரசாங்க வைத்தியசாலையில் தங்கி, குடியை மருத்துவக் கண்காணிப்பின் கீழ் நிறுத்திவிட்டுத்தான் இங்கே வர வேண்டும் என்று சொல்லி, ஒரு கடிதத்தை எழுதிக் கையில் கொடுத்தார்கள். லீவு போட்டு, கடன் வாங்கி, அண்ணனின் மனம் மாறுவதற்குள் கூட்டிக்கொண்டு வந்த எனக்கு, இது தட்டிக்கழிப்பதாகவே பட்டது. வாசலில் நின்று சத்தமும் போட்டேன். இன்றைக்கு இந்த இல்லத்தைப் பற்றி நான் சொல்லக்கூடிய மிகப் பெரிய நல்ல வார்த்தை, அன்று அவர்கள் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள் என்பதுதான்.

ஆண்டுக்கணக்காக மதுசாரம் மூளையை அமர்த்தி வைக்கும்போது, அதற்கு ஈடுகொடுக்க மூளை தன் முறுக்கைக் கூட்டிக்கொண்டே போகிறது. மது திடீரென்று நின்றால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சுகிறது. கை நடுக்கமும் வியர்வையும் முதல் நாளிலேயே தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாள் முடிந்து நான்காம் நாள் வரைக்குமான இடைவெளியில் சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். அண்ணன் தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து வேலைக்காரர். வார்டில் மூன்றாம் இரவு அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, இடது கையால் போர்வையைக் கொத்தாகப் பிடித்து, வலது கையில் இல்லாத கத்தியால் சாய்வாக வெட்டத் தொடங்கினார். வெட்டிய வாதுகளை ஓரமாகத் தள்ளினார். அடுத்த செடிக்கு நகர்ந்தார். கிட்டப் போன என்னைப் பார்த்து, "தள்ளி நில்லுடா, கத்தி பட்டுரும்" என்று அதட்டினார். தாதி வந்து ஊசி போட்டுச் சிறிது நேரம் ஆன பிறகும் அந்தக் கை ஓயவில்லை. படிப்படியாகக் குறைக்கப்பட்ட டயஸிபாம் மாத்திரையும், சேலைன் ஏற்றுவதற்கு முன்பே போட்ட விற்றமின் பி1 ஊசியும்தான் அவரை அந்த மலையிலிருந்து இறக்கின. சோறு இறங்காமல் குடித்தே காலம் தள்ளியவர்களுக்கு அந்த விற்றமின் இல்லாமற்போனால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படக்கூடும் என்றும் அங்கே விளக்கினார்கள்.

இதை இத்தனை விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் தோட்டங்களில் குடியை நிறுத்துவது என்றால் ஐயப்பனுக்கு மாலை போடுவது, கதிர்காமத்துக்கு நேர்ந்துகொள்வது, அதுவும் நடக்காவிட்டால் லயத்து அறையில் வைத்துப் பூட்டுவது என்றுதான் வழக்கம். மாலை போட்டு நிறுத்தியவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்குப் போய்விட்டவர், மாலை போடுவதற்கு முன் வைத்தியரைப் பார்த்தே ஆக வேண்டும். பூட்டி வைப்பது அறவே கூடாது. அண்ணனுக்கு வந்தது வீட்டில் வந்திருந்தால், பேய் பிடித்துவிட்டது என்று கோடாங்கியைத்தான் கூப்பிட்டிருப்போம்.

ஒன்பதாம் நாள் மறுபடியும் மலையேறினோம். இந்த முறை மறுப்பேதும் சொல்லாமல் சேர்த்துக்கொண்டார்கள்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் பங்களாவாக இருந்த பழைய கட்டடம், தகரக் கூரை, இரண்டு பெரிய அறைகளில் 16 கட்டில்கள். குளிர் எலும்புக்குள் போகும். குளிக்கச் சுடுநீர் உண்டு, காலை ஏழு மணிக்குப் பிறகு போனால் இல்லை. சாப்பாடு நன்றாகவே இருந்தது: காலையில் ரொட்டியும் சம்பலும், பகலில் சோறும் பருப்பும் ஒரு கீரையும், வாரத்தில் இரண்டு நாள் மீன். லீக்ஸும் கரட்டும் அவர்களே பயிரிடுகிறார்கள். தங்கியிருப்பவர்கள் காலையில் இரண்டு மணி நேரம் தோட்டத்தில் வேலை செய்ய வேண்டும். இதைச் சிகிச்சை என்கிறார்கள். பாத்தி கட்டுவது கொழும்பில் கடையில் நின்ற பையனுக்குச் சிகிச்சையாக இருக்கலாம், இருபது வருடம் மலையில் வெட்டியவருக்கு அது இன்னொரு நாள் வேலைதான். அண்ணன் ஒருநாள் சிரித்துக்கொண்டே, "இங்கேயும் பேர் போடுறாங்களா?" என்று கேட்டார். பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பதியும் வருகை.

பெரிய குறை மொழி. இது மலையகத்தின் நடுவில் இருக்கிற இல்லம். அண்ணன் இருந்த காலத்தில் தங்கியிருந்தவர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள். அப்படியிருந்தும் மாலை நேரக் குழுக் கலந்துரையாடல் வாரத்தில் ஐந்து நாட்கள் சிங்களத்தில்தான் நடந்தது. தமிழ் பேசும் ஆலோசகர் ஒருவரே. அவரும் குழுக் கலந்துரையாடலுக்குத் திங்களும் வியாழனும் மட்டுமே வருவார். அண்ணனுக்குக் கடைத்தெருச் சிங்களம் நன்றாகத் தெரியும்; சாமான் வாங்கவும் சண்டை போடவும் அது போதும். தன் தகப்பன் கவ்வாத்துக் கத்தியோடு தாயைத் துரத்திய இரவைப் பற்றிப் பேச அது போதாது. மற்ற நாட்களில் அவர் வட்டத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். அதை ஒத்துழைப்பு என்று பதிவேட்டில் எழுதியிருந்தார்கள். திங்களிலும் வியாழனிலும் மட்டும் அவர் பேசினார். அதுவும் நான்காவது வியாழனில்தான் உண்மையாகப் பேசினார் என்று ஆலோசகரே என்னிடம் சொன்னார். அப்படிப் பார்த்தால், 6 வாரத்துக்குப் பணம் கட்டிய நாங்கள் பெற்றது 12 நாள் சிகிச்சை.

இன்னொரு குறையும் உண்டு. அண்ணனின் அறையில் ஐஸ் என்ற போதைப்பொருளை (மெத்தம்பெட்டமின்) பாவித்துவிட்டு வந்த பையன்கள் மூவர் இருந்தார்கள்; மூத்தவனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். கொழும்புப் பக்கம் கடை வேலைக்குப் போன இடத்தில், இரவு முழுக்கக் கண் விழிக்க உதவும் என்று யாரோ கொடுத்ததில் தொடங்கியது என்றார்கள். அவர்களுடைய நோயும் குடிகாரர்களுடைய நோயும் வெவ்வேறு நடை கொண்டவை. ஐஸை நிறுத்தியவன் முதலில் நாட்கணக்கில் தூங்குகிறான், கண்டதையெல்லாம் தின்கிறான், பிறகு மனம் அடியோடு சோர்ந்துபோகிறான். சிலருக்குச் சந்தேகமும் காதில் குரலும் தொடர்கின்றன. குடிக்குக் கொடுப்பதுபோல இதற்கென்று நிலைபெற்ற மாத்திரை இன்னும் கிடையாது. பேச்சும் பழக்கப் பயிற்சியும் பொறுமையும்தான் மருந்து. ஐம்பது வயதுக்காரரையும் இந்தப் பையன்களையும் ஒரே வட்டத்தில் உட்காரவைத்து ஒரே பாடத்தை நடத்தினால், இரு தரப்புக்கும் அரைகுறைதான் கிடைக்கும். இரவில் அந்தப் பையன்களில் ஒருவன் சுவரோடு பேசுவான் என்றும், தூங்காமல் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வது தன் வழக்கமாகிவிட்டது என்றும் அண்ணன் சொன்னார். அதனால் அண்ணனுக்கும் ஏதோ ஒரு நன்மை கிடைத்திருக்கலாம், ஆனால் அது இல்லம் திட்டமிட்டுச் செய்தது அல்ல.

குடும்பத்தாருக்கான ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். மூன்று தடவை நடந்தது. மூன்றும் தமிழில் நடந்தன. அண்ணியைப் பேசவிட்ட முதல் இடம் அதுதான். "இத்தனை வருஷமா அவரு பேரையும் நானே சொல்லி, ஒடம்பு சரியில்லன்னு ஐயாகிட்ட பொய் சொல்லி, கடனையும் நானே கட்டுனேன். அது தப்பா?" என்று அவர் கேட்டார். தப்பு என்று ஆலோசகர் சொல்லவில்லை. அந்தப் பொய்யால் வீட்டு அடுப்பு எரிந்தது என்றும், அதே பொய்யால் அண்ணனுக்குத் தன் குடியின் விலை தெரியாமலும் போயிற்று என்றும் சொன்னார். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆன பிறகும், ஒரு முழுப் போத்தல் சாராயத்தின் விலை இரண்டு நாள் சம்பளத்தைத் தாண்டியிருந்தது. அந்த மீதியைக் கட்டியது யார் என்பதை அண்ணன் அன்றைக்குத்தான் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார்.

டைசல்பிரம் மாத்திரையைப் பற்றியும் அந்தக் கூட்டத்தில்தான் விளக்கினார்கள். இதைச் சாப்பிடுகிறவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். சிலருக்கு ஆபத்தாகவும் முடியும். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரைக்கும் அதன் வேலை உடலில் இருக்கக்கூடும். எனவே குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுப்பது அறவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பஸ் நிலையச் சுவர்களில் "அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று ஒட்டியிருக்கும் விளம்பரங்களைப் பார்த்துத் தூள் வாங்கிய குடும்பங்கள் அந்த அறையிலேயே இரண்டு இருந்தன. பொட்டலத்துக்குள் என்ன இருந்தது என்று வாங்கியவர்களுக்கும் தெரியாது.

செலவைச் சொல்கிறேன். 6 வாரத்துக்கு எங்களிடம் 36,000 ரூபாய் வாங்கினார்கள், இரண்டு தவணையாகக் கட்ட விட்டார்கள், பற்றுச்சீட்டு உண்டு. வார்டில் இருந்த நாட்களுக்குச் செலவில்லை. இல்லத்துக்கு வர முடியாதவர்கள் அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவிலேயே இலவசமாகச் சிகிச்சை தொடரலாம் என்பதை வார்டில்தான் தெரிந்துகொண்டேன். முன்பே தெரிந்திருந்தால் அங்கிருந்தே தொடங்கியிருப்போம். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்களுக்கு, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற ஆலோசனை இலக்கமும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கமும் இருக்கின்றன.

இவ்வளவும் இல்லத்துக்குள் நடந்தவை. இந்த மாதிரி இடத்துக்கு மதிப்பெண் போட வேண்டியது ஆள் உள்ளே இருந்த 6 வாரத்தை வைத்து அல்ல என்பது என் கருத்து. சாராயம் இல்லாத மலையில் சாராயம் குடிக்காமல் இருப்பது அவ்வளவு பெரிய காரியமல்ல. வெளியே வந்த பிறகு வருகிற முதல் சம்பள நாளான 10ஆம் திகதிதான் பரீட்சை. எங்கள் சம்பளம் இப்போது வங்கியில் விழுகிறது. பணம் எடுக்கும் இயந்திரம் டவுனில், பாருக்கு நேர் எதிரே. தொழிலாளியின் பாதையில் தவறணையை (சாராயக் கடையை) வைக்கிற வழக்கம் வெள்ளைக்காரன் ஆண்ட கோப்பித் தோட்டக் காலத்திலேயே இருந்ததுதான். அதை இந்த இல்லத்தின்மீது சுமத்த முடியாது. வீட்டுக்கு அனுப்பும் முன் தமிழ் ஆலோசகர் எங்களை உட்காரவைத்து, டவுனின் வரைபடத்தைப் போலவே ஒரு தாளில் கீறி, முதல் மூன்று சம்பளத்துக்கும் அண்ணனும் அண்ணியும் சேர்ந்தே போக வேண்டும், கோயிலுக்குப் பின்னாலுள்ள மேல் ரோட்டால் இறங்கி அதே ரோட்டால் ஏற வேண்டும், பகல் பன்னிரண்டுக்கு முன்னால் திரும்பிவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் அண்ணியின் அலுமாரியில் இருக்கிறது. நான் பார்த்த அறிவுரைகளிலேயே பயன்பட்டது அந்தக் கீறல்தான்.

மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்ப்போம் என்று சேர்க்கும்போது சொன்னார்கள். வந்தது ஒரே ஒரு தடவை. வாகனம் இல்லை, ஆள் இல்லை என்று பிறகு காரணம் சொன்னார்கள், உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் செய்ய முடியாததைச் சேர்க்கும்போது சொல்லியிருக்கக் கூடாது. மூன்றாம் மாதம் எங்கள் மாரியம்மன் திருவிழா வந்தது. திருவிழாவுக்கு நான்கு நாள் முன்பே அண்ணன் யாருக்கும் தெரியாமல் டைசல்பிரம் மாத்திரையை நிறுத்திவிட்டிருக்கிறார். கரகம் இறங்கிய இரவு, தப்புக்காரப் பையன்களோடு நின்று குடித்திருக்கிறார். இரண்டாவது கோப்பையிலேயே முகம் பீட்ரூட்டாகச் சிவந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். 1990ஐ அழைத்தோம், அம்பியுலன்ஸ் வந்தது, இரவு முழுவதும் வார்டில் வைத்திருந்து காலையில் விட்டார்கள்.

மறுநாள் இல்லத்துக்குத் தொலைபேசியில் சொன்னபோது, ஏசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். "நாளைக்கே கூட்டிக்கிட்டு வாங்க தம்பி, பஸ் காசு இருக்கா?" என்றுதான் ஆலோசகர் கேட்டார். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அதற்குப் பணம் வாங்கவில்லை. எந்த நாளில், யாரோடு, என்ன நினைத்து மாத்திரையை நிறுத்தினார் என்பதை மட்டும் அண்ணனோடு உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டு எழுதினார்கள். தோற்றுப்போனவராக நடத்தவில்லை. திரும்பி வரும்போது அண்ணன் பஸ்ஸில் தூங்கவில்லை, சன்னலுக்கு வெளியே கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு எட்டு மாதம் ஆகிறது. குடிக்கவில்லை என்று அவர் சொல்கிறார், அண்ணியும் சொல்கிறார், அண்ணி சொல்வதைத்தான் நான் கணக்கில் எடுக்கிறேன்.

அனுப்பலாமா என்று கேட்கிறவர்களுக்கு: தமிழ் மட்டுமே தெரிந்த பெரியவர்களை இப்போதைய நிலையில் அனுப்ப நான் தயங்குவேன், வைத்தியசாலைக் கிளினிக்கும் அங்குள்ள தமிழ் வைத்தியரும் கிடைத்தால் அதுவே மேல். ஐஸ், போதை மாத்திரை என்று மாட்டிக்கொண்ட பிள்ளைகளையும் முதலில் மனநல வைத்திய நிபுணரிடம் காட்டிவிட்டு, அவர் சொன்னால் மட்டும் இங்கே கொண்டுவாருங்கள். வீட்டில் ஒருவராவது ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறி வரக்கூடிய, சிங்களமும் ஓரளவு விளங்கக்கூடிய குடிநோயாளிக்கு இது நல்ல இடம். வைத்தியசாலைக் கடிதம் இல்லாமல் போகாதீர்கள், வாசலிலிருந்தே திருப்பிவிடுவார்கள். கிளினிக் கொப்பி, சாப்பிடுகிற மாத்திரைகள், இரண்டு கனத்த போர்வைகள், ஒரு கம்பூட்ஸ் கொண்டுபோங்கள். திங்களோ வியாழனோ பார்த்துப் போனால், முதல் கேள்வியை நம் மொழியில் கேட்க அந்த ஆலோசகர் இருப்பார்.